தசை ஆய்வுக்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. விலங்கியல் முடிக்கப்போகிறேன். கல்லூரி கபடி அணியில் ஆடியதிலிருந்து, பயிற்சி செய்யும்போது தசைக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய ஆசை. டாக்டருக்குப் படித்தால்தான் முடியும் என்கிறார்கள். இங்கே அதற்கான லேபும் இல்லை. அப்பா, "பேசாம பி.எட். சேரு" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: எம்.பி.பி.எஸ். தேவையில்லை. தசை நாருக்குள் மெல்லிய இழையும் தடித்த இழையும் ஒன்றையொன்று உரசி நகர்வதால்தான் தசை சுருங்குகிறது என்று 1954-இல் ஹியூ ஹக்ஸ்லியோடு சேர்ந்து எழுதிய ஜீன் ஹான்சன், உங்களைப் போல விலங்கியல் படித்தவர். தசை வெளிவிடும் வெப்பத்தை அளந்து 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பெற்ற ஏ.வி. ஹில் கணிதம் படித்துவிட்டு வந்தவர். ஆளின் தொடையில் ஊசி போட்டுத் தசை எடுப்பதை மட்டும் டாக்டர் செய்வார். எடுத்த துண்டு உங்கள் கைக்குத்தான் வரும்.

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். துண்டை நேரே திரவ நைட்ரஜனில் போட்டால் அதைச் சுற்றி ஆவிப்படலம் எழும்பி, குளிர் மெதுவாக உள்ளே இறங்கும். அதற்குள் பனிப்படிகம் முளைத்து நார் முழுக்க ஓட்டை விழுந்துவிடும். அதனால் நைட்ரஜனில் ஐசோபென்டேன் என்ற திரவத்தைக் குளிரவைத்து, அதில் முக்குவார்கள். பிறகு கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிச் சீவு கருவியில் சுமார் 10 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். விலங்கியல் மாணவிக்கு இந்தக் கைப்பழக்கம் சீக்கிரம் வரும்.

லேப் இல்லையே என்று உட்கார வேண்டாம். படியேற்றச் சோதனையில் தொடங்குங்கள். 41 செ.மீ. உயரப் படி வேண்டும். வீட்டுத் திண்ணை சரியாக இருக்கும் என்று நம்பாமல் டேப் வைத்து அளங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமை (போனில் ஆப்பாகவும் கிடைக்கும்) நிமிடத்துக்கு 88 தட்டில் வையுங்கள். ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு என்று நிமிடத்துக்கு 22 முறை, 3 நிமிடம். நிறுத்தியதும் நின்றபடியே 5-ஆவது விநாடியிலிருந்து 20-ஆவது விநாடி வரை நாடியை எண்ணி நாலால் பெருக்குங்கள். அதை 0.1847-ஆல் பெருக்கி 65.81-இலிருந்து கழித்தால், பெண்களுக்கான உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கிடைக்கும்; இது கூடக்கூட உடல்தகுதி அதிகம் என்று பொருள். கிலோவுக்கு, நிமிடத்துக்கு, மில்லிலிட்டரில். 38 துடிப்பு என்றால் 152, விடை 37.7. ஒரே ஒரு துடிப்பைத் தப்பாக எண்ணினாலும் விடை 0.7 நகரும். எண்ணத் தாமதித்தால் நாடி இறங்கிவிடும், உடல்தகுதி பொய்யாகக் கூடித் தெரியும். சித்திரை மாத மத்தியானத்தில் செய்தால் ரத்தம் தோலுக்கும் ஓட வேண்டியிருப்பதால் நாடி ஏறி, உடல்தகுதி பொய்யாகக் குறைந்து தெரியும். ஒரே ஆளை ஒரே நேரத்தில் மூன்று நாள் அளந்து, எண் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். அந்த ஆட்டத்தைவிடப் பெரிய வித்தியாசத்தை மட்டுமே கண்டுபிடிப்பு என்று சொல்லலாம்.

கேள்விக்கும் நீங்கள் தூரம் போக வேண்டாம். பதனீர்ப் பருவத்தில் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பனையேறிகள் காலையும் மாலையும் மரம் ஏறுகிறார்கள். ஏறும்போது இதயம் எவ்வளவு துடிக்கிறது, இறங்கி அடுத்த மரத்துக்கு நடப்பதற்குள் எவ்வளவு தணிகிறது? எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு இது போதும். மார்புப் பட்டைக் கருவிதான் வேண்டும். மரத்தைக் கட்டிப் பிடிக்கும்போது கைக்கடிகார சென்சார் கண்டபடி காட்டும். முதல் அளவு எடுக்குமுன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியும், ஒவ்வொருவரின் எழுத்து ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் நல்ல ஆய்விதழ் எதுவும் ஏற்காது.

பிஎச்.டி.க்கு தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல் தாளை எழுதுங்கள். மனித உடற்பயிற்சிப் பக்கம் என்றால் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், டெல்லியில் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வு நிறுவனமான டிபாஸ் ஆகியவற்றைப் பாருங்கள். செல், மரபணு என்றால் பெங்களூரு. கைடுக்கு எழுதும் மின்னஞ்சலில் "தசை மீது ஆர்வம்" என்று நாலு பத்தி வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையில் உங்களுக்கு எழுந்த ஒரு சந்தேகத்தையும், நீங்கள் எடுத்த அளவுகளின் ஒரு வரைபடத்தையும் அனுப்புங்கள்.

நாலைந்து வருடம் ஆகும், அதற்குப் பிறகும் நிரந்தர வேலை உடனே அமையாது. இதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். கூடவே நெட் தேர்வு வழியாகத் தரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 வரும் என்பதையும் சொல்லுங்கள். நெட்டை இரண்டு தடவை எழுதியும் வரவில்லை என்றால் பி.எட். விண்ணப்பம் வாங்கலாம்.