மஸ்டாங் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

அறுபது, எழுபதுகளின் மஸல் கார்கள் (பெரிய எஞ்சின் பொருத்திய வேகக் கார்கள்) பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். "என்ன விலை கொடுக்கலாம்?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். காரின் அடியில் படுத்துப் பார்க்காமல் விலை சொல்கிறவர் தரகராகத்தான் இருப்பார்.

*கேள்வி: கலிஃபோர்னியாவில் 1966 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. 289 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், சிவப்பு நிறம். படம் பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை. முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா ஐயா?* – ஈசூன் வாசகர்

தூக்கம் போனால் பரவாயில்லை, முன்பணம் போகக்கூடாது. அனுப்புவதற்கு முன்னால் சில படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் படம், அடையாள எண். கதவில் இருக்கும் தகடு போதாது. கதவைக் கழற்றி மாற்றலாம், தகட்டைப் புதிதாக அடித்தும் வாங்கலாம். போனட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத்து உள் மட்கார்டின் மேல்விளிம்பில் அதே எண் தகரத்திலேயே குத்தப்பட்டிருக்கும். அதைக் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். முதல் இலக்கம் 6 என்றால் 1966. அடுத்த எழுத்து ஆலை: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹோசே, டி (T) மெட்டச்சன். அதன் பிறகு 07 சாதாரணக் கூரை, 08 திறந்த கூரை, 09 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் வகை). ஐந்தாம் இடத்து எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. சி என்றால் 200 குதிரைத்திறன் 289, ஏ என்றால் 225, கே என்றால் 271. அங்கே டி (T) இருந்தால் அது ஆறு சிலிண்டர் எஞ்சினோடு பிறந்த கார்; வி8 பிறகு ஏற்றியது.

இரண்டாவது படம், சக்கரம். அந்த ஆண்டு ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு நான்கு நட், வி8க்கு ஐந்து. எண்ணில் சி, சக்கரத்தில் நான்கு நட் என்றால் ஏதோ ஒன்று பொய். எஞ்சின் மாற்றிய கார் ஓட்டத் தகாதது என்று சொல்லவில்லை. ஆனால் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு பின் அச்சு, பிரேக், ஸ்டியரிங் கம்பிகளைப் பழையபடியே விட்டவர்கள் நிறையப் பேர். அதை வி8 விலைக்கு வாங்காதீர்கள்.

பதிவு விஷயத்துக்கு வருவோம். இங்கே சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான 'கிளாசிக்' திட்டத்தில் சேர, முதன்முதலில் பதிவான நாளிலிருந்து 35 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும். அமெரிக்கக் காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். ஆகவே பணம் அனுப்புமுன் அடையாள எண், முதல் பதிவுத் தேதி, ஸ்டியரிங் பக்கம் மூன்றையும் குறிப்பிட்டு நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதி, அந்த ஒரு காருக்கென்றே எழுத்தில் பதில் வாங்குங்கள். "மற்றவருக்குக் கிடைத்ததே" என்ற பேச்சை நம்பிக் கப்பல் ஏற்றாதீர்கள். கார் விலையோடு கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு 20 விழுக்காடு கலால் தீர்வை, அதையும் சேர்த்த மொத்தத்துக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி. 60,000 வெள்ளிக்கு வந்து இறங்கும் காருக்கு இந்த இரண்டுமே 18,480 வெள்ளி ஆகிவிடும்.

*கேள்வி: உள்ளூரிலேயே ஒரு மஸ்டாங்கைப் பார்க்கப் போகிறேன். எஞ்சின் பற்றி ஓரளவு தெரியும். கையில் என்ன எடுத்துப் போகவேண்டும்?* – பிடோக் வாசகர்

ஒரு சின்னக் காந்தம், மெல்லிய துணி, டார்ச் லைட், ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி, இரண்டு லிட்டர் தண்ணீர், படுக்க ஒரு பழைய பாய். எஞ்சினைக் கடைசியில் பாருங்கள். 289க்கு இன்றும் எல்லா பாகமும் கிடைக்கிறது. துருப்பிடித்த உடலைச் சரிசெய்யும் கூலிதான் ஆளைச் சாய்க்கும்.

தண்ணீர் எதற்கு? முன்கண்ணாடிக்குக் கீழே, போனட்டின் பின்விளிம்பில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். அவற்றில் மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் உள்ளே டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல காரில் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து மட்கார்டுக்குப் பின்னால் வெளியேறிவிடும். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், உள்ளே மறைந்திருக்கும் தகரப் பெட்டி ஓட்டையாகிவிட்டது. அதை வெளியிலிருந்து அடைக்க முடியாது. மட்கார்டைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, மேல் தகட்டைப் பிரித்து, திரும்பப் பற்றவைக்க வேண்டும். பெயின்ட் வேலையும் அதோடு சேரும். விற்பவர் "மழையில் எடுப்பதில்லை" என்று சொன்னால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து அடிப்பக்கம். இந்தக் காருக்குத் தனி ஷாசி கிடையாது, தகர உடலே எலும்புக்கூடு. முன்சக்கரத்துக்குப் பின்னால், தரையும் ஓரச் சட்டமும் சேரும் பெட்டி போன்ற பகுதியைக் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்ற சத்தம் நல்லது, மொத்தென்ற சத்தம் புட்டி (துருவை மறைக்கப் பூசும் பசை). ஜாக்கியை அந்தப் பகுதியில் வைத்துச் சற்றே தூக்கியபின் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடித்தாலோ, இடைவெளி மேலே அகன்று கீழே குறுகினாலோ, காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடியில் புதுக் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால் மனசு சந்தோஷப்படக் கூடாது, சந்தேகப்படவேண்டும்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பின்சக்கர வளைவுகளிலும் கதவின் கீழ்விளிம்பிலும் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடம் புட்டி. பின்னால் சாமான் வைக்கும் அறையையும் திறந்து மோந்து பாருங்கள். இந்தக் காரில் பெட்ரோல் டாங்கியின் மேல்பக்கமே அந்த அறையின் தரை. பெட்ரோல் வாடை அடித்தால் டாங்கியின் சீலோ, நிரப்பும் குழாயின் ரப்பரோ போயிருக்கிறது. செலவு சிறியதுதான், ஆனாலும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.

*கேள்வி: வலப்பக்க ஸ்டியரிங்கோடு மஸல் கார் கிடையாதா?* – தெம்பனீஸ் வாசகர்

ஏன் இல்லை? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1967ல் 289 எஞ்சினோடு வந்த ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்ஆர் ஜிடி, 1968ல் வந்த ஹோல்டன் மொனாரோ, 1971ல் வந்த கிரைஸ்லர் வேலியன்ட் சார்ஜர். சார்ஜரில் வி8க்கு ஆசைப்படாதீர்கள். 265 கன அங்குல ஆறு சிலிண்டர் 'ஹெமி', அதிலும் மூன்று வெபர் கார்புரேட்டர் பூட்டிய இ49, 302 குதிரைத்திறன் கொடுத்தது. ஆனால் அங்கே போலிகள் அதிகம். 1971 ஃபால்கன் ஜிடிஎச்ஓ ஃபேஸ் த்ரீ ஆலையில் செய்தது 300 கார்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் படியுங்கள்.

*கேள்வி: பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் மாட்டினால் வெப்பமுள் ஏறிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் (சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர்.* – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

கழற்றவேண்டாம். அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைக்கிற வேலை. எப்போது சூடாகிறது என்று முதலில் கவனியுங்கள். நின்றால் மட்டும் ஏறி, ஓடும்போது இறங்கினால் குறை காற்றோட்டத்தில். வேகமாக ஓடும்போது ஏறினால் குறை நீரோட்டத்தில்: ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சுருங்கும்.

உங்களுடையது முதல் வகை. ஃபேனைச் சுற்றி பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா? பல கார்களில் யாரோ கழற்றி வீசியிருப்பார்கள். அதைப் பொருத்தி, ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக வையுங்கள். ஃபேன் கிளட்ச் இருந்தால், எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றுங்கள். சும்மா பல சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. அதன் பிறகு இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்): பின்தங்கிய டைமிங் நின்ற நிலையில் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். அந்த நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் குழாய் கிழிந்திருந்தாலும் அதே கதைதான். தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸ் போதும். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குமேல் உயரும், தளர்ந்த மூடி அதைக் கெடுத்துவிடும்.

சூடாக நிறுத்திக் கால்மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்து எஞ்சினை மூழ்கடித்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைப் பம்ப் அடிக்காமல், முழுக்க மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டருக்குக் கீழே 12 மில்லிமீட்டர் வெப்பத்தடைத் துண்டு வைத்தால் தொல்லை பெரும்பாலும் தீரும். போனட் மூட இடம் இருக்கிறதா என்று மட்டும் அளந்து பாருங்கள்.

*கேள்வி: கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தானே ஓட்டலாம்? மற்ற நாளெல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்தத்தில். தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?* – செங்காங் வாசகர்

அதுதான் எஞ்சினைக் கொல்லும் வழி. ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலிலும் புகைக்குழாயிலும் தங்கி உள்ளிருந்து அரிக்கும். ஒன்றுவிட்ட வாரம் எடுத்தால் 26 நாள். ஒவ்வொரு முறையும் நிற்காமல் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். மீதி 19 நாள் தீபாவளிக்கும் மச்சான் கல்யாணத்துக்கும் இருக்கட்டும். பட்டறைக்குப் போகச் சாலையில் இறங்கினாலும் அதுவும் ஒரு நாள்தான். ஆயில், பிரேக் வேலைகளைச் சேர்த்து ஒரே பயணத்தில் முடியுங்கள்.

நிறுத்தும்போது டாங்கி நிரம்பியிருக்கட்டும். காலி இடத்தில்தான் ஈரம் படிந்து துரு பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குத் தூக்கிவந்து சார்ஜ் போடுங்கள். நடைபாதை விளக்கிலிருந்து வயர் இழுக்கும் யோசனை வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தே வைத்தால் நம் ஈரக்காற்றில் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். 1966 வரையிலான மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் மிதி தரைக்குப் போய்விடும்.

*கேள்வி: பெட்ரோல் 95 ஆக்டேனா, 98ஆ? ஈயம் சேர்க்கவேண்டுமா?* – தோ பாயோ வாசகர்

சி வகை 289இன் அழுத்த விகிதம் 9.3; 95இல் தட்டும் சத்தம் வராவிட்டால் அதுவே போதும். ஏ வகைக்கு 10, 98 போடுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 1998ல் நின்றது. எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமான எக்சாஸ்ட் வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம், அதற்காகவே பிரிக்கவேண்டாம். ஆயில்தான் முக்கியம். பழைய கேம்ஷாஃப்டுக்குப் பத்து லட்சத்தில் 1,000 பங்குக்குமேல் துத்தநாகம் உள்ள 20டபிள்யூ-50 வேண்டும். ஃபில்டரோடு 4.7 லிட்டர் பிடிக்கும்.

*கேள்வி: என் கணவர் ஏற்கெனவே 1966 மஸ்டாங் வாங்கிவிட்டார். ஆறு வயது மகளைப் பின்சீட்டில் ஏற்றலாமா?* – சிராங்கூன் வாசகி

1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு இங்கே சட்டப்படி சிறுவர் இருக்கை வேண்டும். பூஸ்டர் இருக்கைக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட் தேவை. அந்தக் காரின் பின்சீட்டில் இடுப்பு பெல்ட் இருந்தாலே பெரிது. உடல் தகரத்தில் சும்மா ஓட்டை போட்டுத் தோள்பெல்ட் மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். பின்பக்கத்தில் வலுத்தகடு பற்றவைத்து, பரிசோதனையில் தேறவேண்டும். அது முடியும்வரை மகளை ஏற்றவேண்டாம். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: அடுத்த செலவு குரோம் பம்பருக்கு இல்லை, பின்சீட்டு பெல்ட்டுக்கும் இரட்டைச் சுற்று பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கும்.