ஜெர்மன்ல ‘வைல்’ போட்டா வினைச்சொல் எங்க போவும்?

தம்பி, பாளையங்கோட்டையில ஜெர்மன் மொழி ஏ1 (தொடக்க நிலை) தேர்வுக்குப் படிக்கிறதாவும், ‘ஏன்னா இன்னைக்கு எனக்கு மேலுக்கு முடியல’ங்கறதை ‘வைல் இஷ் பின் ஹொய்டெ கிராங்க்’னு எழுதி மார்க் போச்சுன்னும் கேட்டிருந்தீங்க. ‘வைல்’னா ‘ஏன்னா’. அது வந்தா வினை, இங்க ‘பின்’, கடைசிக்குப் போவணும்: ‘வைல் இஷ் ஹொய்டெ கிராங்க் பின்’. நம்ம ‘மேலுக்கு முடியாம இருக்கேன்’லயும் வினை கடைசியிலதானே, அப்படி நினைச்சுக்கிடுங்க. ‘டாஸ்’ (-ன்னு), ‘வென்’ (-ஆல், -போது), ‘ஓப்’ (-ஆன்னு) இதே ரகம்.

‘டென்’னுக்கும் அர்த்தம் ‘ஏன்னா’தான், ஆனா வினை நகராது: ‘டென் இஷ் பின் ஹொய்டெ கிராங்க்’. உண்ட் (-உம்), ஆபர் (ஆனா), ஓடர் (இல்லன்னா), சோண்டர்ன் (அது இல்ல, இதுன்னு மாத்திச் சொல்ல) அதே கணக்கு.

அடுத்து வழுக்குற இடம் இது: வைல் பகுதியை முன்னால வச்சா, காற்புள்ளி முடிஞ்சதும் உடனே வினை. ‘வைல் இஷ் கிராங்க் பின், பிளைபெ இஷ் ட்ஸு ஹவுஸெ’ (மேலுக்கு முடியாததால வீட்டுலயே இருக்கேன்); இங்க ‘பிளைபெ’தான் வினை. அங்க ‘இஷ் பிளைபெ’ன்னு எழுதினா தப்பு. டென் பகுதியை இப்படி முன்னால கொண்டு வரவே முடியாது.