மரச்சீனி, நார், புளியங்கொட்டை: தாவர மாவுப்பொருள்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம்): மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கிலும் தேங்காய் நாரிலும் இருப்பது ஒரே குளுக்கோஸ்தான் என்கிறார்களே, பிறகு ஒன்று உணவாகவும் மற்றொன்று கயிறாகவும் ஆவது எப்படி?

பதில்: குளுக்கோஸ் ஒன்றுதான், அது சங்கிலியாகக் கோக்கப்பட்ட விதம் வேறு. கிழங்கிலுள்ள ஸ்டார்ச்சில் (மாவுச்சத்தில்) ஆல்ஃபா பிணைப்பு இருப்பதால் சங்கிலி சுருளாக வளைகிறது. நாரிலுள்ள செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு இருப்பதால் அது நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, தண்ணீரில் கரையாத உறுதியான இழையாகிறது. நம் உமிழ்நீரிலும் கணையத்திலும் சுரக்கும் அமிலேஸ் என்ற நொதியால் ஆல்ஃபா பிணைப்பை மட்டுமே வெட்ட முடியும். நறுக்கிய மரச்சீனித் துண்டில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அயோடின் அந்தச் சுருளுக்குள் புகுந்து, பட்ட இடம் கருநீலமாகும். ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸாலான பஞ்சில் அந்த நீலம் வராது.

தேங்காய் நார் உப்புநீரில் நெடுநாள் தாங்குவதற்கு, செல்லுலோஸுக்கு ஏறத்தாழச் சம அளவில் அதிலுள்ள லிக்னினும் காரணம். மரத்துக்கு உறுதி தரும் அந்தப் பொருள் மாவுப்பொருள் (கார்போஹைட்ரேட்) அன்று. மட்டையைக் காயலில் மாதக்கணக்கில் ஊறப்போடும்போது, நார்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் முதலியவற்றை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடுகின்றன. லிக்னினின் காவலில் உள்ள செல்லுலோஸ் தப்பிவிடுகிறது.

கேள்வி (மார்த்தாண்டம்): மரச்சீனி மாவில் பை செய்யலாமா? கடையில் விற்பவற்றை நம்பலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் தனி மாவு போதாது. மாவைத் தண்ணீரில் காய்ச்சிப் பரப்பி உலர்த்தினால் தெளிந்த படலம் கிடைக்கும். கிளிசரின் சேர்க்காவிட்டால் அது நொறுங்கும், சேர்த்தாலும் இரு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்து ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். எனவே பி.எல்.ஏ., பி.பி.ஏ.டி. போன்ற மக்கும் பாலிமர்களோடு கலக்கிறார்கள். வாழை நாரிலிருந்து பிரித்தெடுக்கும் நானோசெல்லுலோஸால் (மிக நுண்ணிய செல்லுலோஸ் இழைகளால்) வலுவூட்டும் ஆய்வுகளும் நடக்கின்றன. வாழை மிகுந்த நம் ஊருக்கு இதையே மிகப் பொருத்தமான வழியாகக் கருதுகிறேன். சாதாரணப் பாலித்தீனில் கொஞ்சம் மாவு கலந்த பையை மட்டும் வாங்காதீர்கள். அதில் மாவு மக்கியபின் பாலித்தீன் துணுக்குகள் மண்ணிலேயே தங்கிவிடும். பையின்மேல் மக்கும் பிளாஸ்டிக்குக்கான தரத்தைக் குறிக்கும் ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற குறியீடு உள்ளதா என்று பாருங்கள். அந்தத் தரமும் வெப்பம் மிகுந்த உரக்கிடங்கை மனத்தில் கொண்டதே, வீட்டுக் குழியில் மக்குவதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.

கேள்வி (தோவாளை): புளியங்கொட்டை எதற்குப் பயன்படுகிறது?

பதில்: பருப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி சைலோகுளுக்கன் என்ற மாவுப்பொருள். அதன் முதுகெலும்பான நடுச்சங்கிலி செல்லுலோஸின் அதே அமைப்பு என்பதால் பருத்தி நூலில் நன்றாக ஒட்டும். நெசவில் பாவுக்குக் கஞ்சியாக இடுவது இதனால்தான். கண்ணின் ஈரப்படலத்திலுள்ள மியூசின் என்ற வழவழப்பான புரதத்தைப் போல நடந்துகொள்வதால், வறண்ட கண்களுக்கான சொட்டு மருந்துகளிலும் தூய்மைப்படுத்தப்பட்ட வடிவில் சேர்க்கப்படுகிறது.

கேள்வி (குளச்சல்): ஆறிய மரச்சீனியைத் தின்றால் சர்க்கரை ஏறாதா?

பதில்: ஏறும், சற்றே குறைவாக. அவித்த கிழங்கு ஆறும்போது ஸ்டார்ச் சங்கிலிகளில் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி அடுக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. எஞ்சிய பெரும்பகுதி குளுக்கோஸாகவே இரத்தத்தில் சேரும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் கிழங்கை ஆறவைப்பதைவிடத் தட்டில் வைக்கும் அளவைக் குறைக்க வேண்டும்.