பழைய சோறு, கவுனி, கல்பாசி: செட்டிநாட்டு அடுப்படிக் கேள்விகள்

அப்பத்தா காலத்தில் யாருக்கும் ஒன்றும் செய்யாத பழைய சோறு, எங்கள் வீட்டில் இரண்டு முறை வாந்தியில் முடிந்தது. ஏன்? (கோட்டையூர்)

மதியம் வடித்த சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்து, இரவு பத்து மணிக்கு நீர் ஊற்றுகிறீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது.

இரவுச் சோற்றையே எடுங்கள். அகலத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி, மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறிய நீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க ஊற்றுங்கள். முந்தைய நாள் நல்ல நீராகாரம் இரண்டு கரண்டி சேர்த்தால் லாக்டிக் அமில பாக்டீரியா சீக்கிரம் புளிப்பேற்றும். புளிப்பு ஏறினால் பேசிலஸ் ஒடுங்கும். சித்திரை வைகாசியில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு. கொழகொழப்போ நூல் விடுவதோ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். அந்த நஞ்சுக்குத் தனி வாடை கிடையாது. நல்ல மணத்தை மட்டும் நம்பி, ஆற்றும் நேரத்தில் அசட்டை வேண்டாம்.

பழைய சோற்றில் இரும்புச் சத்து இருபது மடங்கு கூடுமாமே? (காரைக்குடி)

கூடாது. இரும்பு ஒரு தனிமம், அதை எந்த நுண்ணுயிரும் உண்டாக்காது. இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டிக் அமிலத்தின் பிடி நொதித்தலில் தளரும், உடல் எடுத்துக்கொள்வது சற்று எளிதாகும், அவ்வளவே. தீட்டிய வெள்ளை அரிசியில் அந்த அமிலமே குறைவு. இரத்தசோகை மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

கருப்புக் கவுனி அரிசி ஊறிய நீரைக் கொட்டலாமா? (தேவகோட்டை)

கொட்டினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆந்தோசயனினில் ஒரு பங்கு போகும். அந்தக் கருநீல நிறமி நீரில் கரைவது, தவிட்டில்தான் இருக்கிறது. ஊறப் போடுமுன் இரண்டு முறை அலசிவிட்டு, ஒரு கப்புக்கு மூன்று கப் நீரில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, அதே நீரில் வேகவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்புப் போடாதீர்கள்: காரத்தன்மை ஏறினால் நிறம் திரிந்து நிறமியும் சிதையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒன்று. நிறமி இருந்தாலும் இது அரிசிதான். அதில் சீனியும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிண்டிவிட்டு மருந்து என்று சொல்வது சரியில்லை.

கல்பாசி என்பது பாசியா, பூஞ்சையா? (கானாடுகாத்தான்)

இரண்டும் சேர்ந்து வாழும் லைக்கன். பூஞ்சை உடலைத் தர, பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது. அதிலுள்ள அட்ரனோரின் போன்ற சேர்மங்கள் ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாக்களைத் தடுக்கின்றன. குழம்பில் போடும் சிட்டிகை உடலுக்குள் அதையே செய்யும் என்று பொருளல்ல. வேரில்லாத லைக்கன் நீரையும் தாதுச் சத்துகளையும் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுப்பதால் புகையிலுள்ள கன உலோகங்களையும் சேர்த்துவைக்கும். கால் கிலோ கறிக்கு ஓர் இதழ் போதும். மண்ணும் மரப்பட்டையும் போகத் துடைத்து, காய்ந்த எண்ணெயில் முதலில் போடுங்கள். அப்போதுதான் மணம் இறங்கும்.

பூசணம் பிடித்த வற்றல் மிளகாயைக் கழுவி வெயிலில் காயவைத்தால் போதுமா? (பள்ளத்தூர்)

போதாது. பூசணம் உதிரும், அஃப்ளாடாக்சின் தங்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. அந்த மிளகாயைத் தூக்கி எறியுங்கள். அடுத்த முறை, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.