அடிமை உழைப்பும் ஆலைச் செல்வமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேலை நாடுகளின் செல்வமும் கண்டுபிடிப்புகளும் அடிமைகளைச் சுரண்டிய பணத்தில் வந்தவை என்கிறார்கள் நண்பர்கள். அப்படியென்றால் பிரேசில் ஏன் அமெரிக்காவை எட்டவில்லை?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். இன்றைய அமெரிக்காவுக்கு நேரடியாக வந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம்தான். தலைக்கணக்குதான் செல்வமென்றால், 1888 வரை அடிமைமுறையை விடாத பிரேசில் எங்கேயோ போயிருக்க வேண்டும்.

லாபத்தில் பெரும்பங்கு, கடனும் காப்பீடும் கப்பலும் ஆலையும் இருந்த ஊர்களுக்குப் போனது. மிசிசிப்பி பஞ்சுக்கு நியூயார்க்கில் கடன், லிவர்பூலில் சந்தை, மான்செஸ்டரில் நூற்பு. 1860இல் பிரிட்டிஷ் ஆலைகளின் பஞ்சில் முக்கால் பங்குக்குக் குறையாமல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வந்தது. இதை மறுப்பவர்களோடு வாதிட எனக்குப் பொறுமை இல்லை.

கண்டுபிடிப்பு விஷயத்தில்தான் உங்கள் நண்பர்கள் வண்டியைக் குதிரைக்கு முன்னால் பூட்டுகிறார்கள். இங்கிலாந்தில் ஆர்க்ரைட் தண்ணீர் விசையில் ஓடும் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1769இல். அப்போது அமெரிக்கா பஞ்சு ஏற்றுமதி செய்ததே சொற்பம் (கரீபியத் தீவுகளின் அடிமைப் பஞ்சு ஓரளவு வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்). அமெரிக்காவின் உட்பகுதிகளில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிரித்தால் ஒருவருக்கு நாளுக்கு 1 பவுண்டு தேறும். 1793இல் அமெரிக்கர் விட்னியின் ஜின் என்ற விதை பிரிக்கும் இயந்திரம் வந்ததும் அது சுமார் 50 பவுண்டானது. விதை பிரிப்பது எளிதாயிற்று, பறிப்பது கைவேலையாகவே நின்றது. அதனால் ஆள் தேவை பெருகியது: 1790இல் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 40 லட்சத்தை நெருங்கினார்கள். இயந்திரம்தான் அடிமைமுறையைக் கொழுக்க வைத்தது.

தோட்டத்துக்குள் புதுமைக்கு என்ன கதி? மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்தி வயலுக்கு ஒரு சுரண்டு கருவி செய்தார். உடைமையாளர் ஆஸ்கர் ஸ்டூவர்ட் 1857இல் காப்புரிமை கேட்டார். கண்டுபிடித்தவரே சத்தியம் செய்ய வேண்டும் என்பது விதி. ஸ்டூவர்ட் கண்டுபிடிக்கவில்லை, நெட் குடிமகன் இல்லை. 1858இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் கையை விரித்துவிட்டார். தென்மாநிலங்கள் பிரிந்ததும் 1861இல் போட்ட சட்டம், அடிமையின் கண்டுபிடிப்புக்கு உடைமையாளரே காப்புரிமை பெற வழிசெய்தது. அந்த ஏற்பாட்டில் யார் மூளையைக் கசக்குவார்?

பணத்தின் தடம் வேண்டுமென்றால் அடிமைமுறையை ஒழித்த பிரிட்டனின் 1833 சட்டத்தைப் பாருங்கள். உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு, அது அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். வாங்கியவர்களின் பெயரும் தொகையும் பதிவேட்டில் இருக்கின்றன. விதவைகள், பாதிரிமார்கள்கூட உண்டு. விடுதலையானவர்களுக்கு எதுவும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015இல்தான் அடைந்தது.