கள்ளப் போதகத்தை எப்பிடிப் பிடிக்கிறது? கேள்வி பதில்

கன வருசமா கிளிநொச்சிப் பக்கம் வேதபாட வகுப்பு எடுக்கிறனான், இடம்பெயர்ந்த நேரம் மரத்தடியிலயும் எடுத்தனான். கேளுங்கோ.

பாஸ்டர் சொல்லுறதைச் சரிபார்க்கிறது அவிசுவாசமோ?
இல்லைத் தம்பி. பெரேயா ஊர்ச் சனம் அப்போஸ்தலன் பவுல் வந்து பிரசங்கிச்சதையே நாளாந்தம் வேதத்தை விரிச்சு ஒப்பிட்டுப் பாத்தவை, அதுக்காக அவையைப் புகழ்ந்துதான் அப்போஸ்தலர் 17இல எழுதியிருக்கு.

மகன் 2009இல காணாமப் போனவன். உயிரோட இருக்கிறான் எண்டு தீர்க்கதரிசனம் வந்ததாம், 50,000 காணிக்கை வைச்சா வருவானாம். வைக்கட்டோ?
வைக்காதேங்கோ அம்மா. 2017 மாசியில இருந்து கந்தசுவாமி கோயிலடியில காணாமப் போன பிள்ளையளின்ர படத்தோட இருந்த தாய்மாரைப் பாத்தனாங்கள், அந்த வயித்தெரிச்சலில காசு உழைக்கிறவனை என்னால பொறுக்கேலாது. ஆதிச்சபைக் காலத்து ஒழுங்குப் புத்தகம் ஒண்டு இருக்கு, டிடாக்கே எண்டு பேர். ஆவியில பேசுறன் எண்டு தனக்குக் காசு கேக்கிறவனுக்குக் காது குடுக்காதேங்கோ, இல்லாதவைக்குக் குடுக்கச் சொன்னா மட்டும் குறை பிடிக்காதேங்கோ எண்டு அதில கிடக்கு. உங்கட மகனைப் பற்றி எனக்கும் தெரியாது, அந்தத் தீர்க்கதரிசனம் சொன்ன ஊழியக்காரருக்கும் தெரியாது. காசு கேட்டா எழும்பி வாங்கோ.

தசமபாகம், அதுதான் வருமானத்தில பத்தில ஒண்டு, சபைக்குக் கட்டாட்டி சாபமோ?
கலாத்தியர் 3:13 வாசியுங்கோ, கிறிஸ்து எங்களைச் சாபத்தில இருந்து மீட்டவர் எண்டு கிடக்கு. மனசார குடுங்கோ, பயத்தில குடாதேங்கோ.

அம்மாவுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டீங்கள் ஐயா. அதே ஊழியக்காரர் எங்கட அப்பாவின்ர வருத்தத்தை அப்பிடியே சொன்னவர், பலிச்சது!
பலிச்சிருக்கும், நான் மறுக்கேல்ல. உபாகமம் 18 சொல்லுது நடக்காட்டி அது கர்த்தர் சொன்னதில்லை எண்டு, ஆனா 13ஆம் அதிகாரம் அடையாளம் நடந்தாலும் வேற தெய்வத்திட்ட இழுத்தா கேளாதே எண்டு சொல்லுது. நடக்காட்டி பொய், சரி, நடந்தா உண்மை எண்டு ஆர் சொன்னது?

அப்ப ஆவியானவரை மறுதலிக்கிறீங்களோ?
பிலிப்பியில ஒரு அடிமைப் பிள்ளை பவுலுக்குப் பின்னால திரிஞ்சு, இவை உன்னதமான தேவனுடைய ஊழியக்காரர் எண்டு கத்தினவள். சொன்னது முழுக்க உண்மை, ஆனா பவுல் அந்த ஆவியைத் துரத்தினவர். அவளின்ர குறியில எசமான்மார் காசு உழைச்சுக்கொண்டிருந்தவை, வருமானம் போன உடன பவுலைப் பிடிச்சு அடிப்பிச்சவை. அப்போஸ்தலர் 16. சொல் உண்மையா இருந்தாலும் ஆவி பிழையா இருக்கலாம் எண்டதுக்கு இதைவிட என்ன வேணும்? காசு ஆற்ற பொக்கற்றுக்குப் போகுது எண்டு பாருங்கோ.

ஜெபிச்சாச்சு, சுகர் குளிசையை நிப்பாட்டச் சொல்லினம்.
நிப்பாட்டாதேங்கோ. நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கோ. சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான்.

இயேசுவின்ர இரண்டாம் வருகையின்ர திகதி ஒருத்தர் சொல்லுறார்.
அந்த நாள் ஒருத்தருக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டும்தான் எண்டு மாற்கு 13:32இல கிடக்கு. அமெரிக்காவில வில்லியம் மில்லரை நம்பின சனம் 1844 ஒக்ரோபர் 22 பாத்திருந்து அழுதது.

மடு மாதா கோயிலுக்குப் போறது பிழையோ?
கத்தோலிக்கர் பற்றி பாதரிட்டக் கேளுங்கோ, சபைப் பேதத்தையும் கள்ளப் போதகத்தையும் ஒண்டாக் குழைக்காதேங்கோ.

தசமபாகம்...
மேல சொல்லிப்போட்டன். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

நான் மகனைக் கேட்ட அம்மா. பாதிக் காசு போன கிழமை குடுத்திட்டன்.
மிச்சத்தைக் குடாதேங்கோ. சபை மூப்பர் ஒருத்தரையும் சொந்தக்காரர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போய் திருப்பிக் கேளுங்கோ, தனியப் போகவேண்டாம். துணைக்கு ஆள் இல்லாட்டி சொல்லுங்கோ, நான் வாறன்.