திருநெல்வேலிப் பக்கம் வசந்த காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் எளிதாக வரும் செடிகள் எவை?

பாளையங்கோட்டையில் வீடு, பின்வாசலில் அரை சென்ட் இடமும் மேலே மொட்டை மாடியும் இருக்கிறது, இப்போதுதான் முதல்முறையாகத் தோட்டம் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

வெண்டை, சீனி அவரை (கொத்தவரை), கீரை. இந்த மூன்றையும் மாசி முடிவதற்குள் விதைத்துவிடுங்கள். இடம் மிஞ்சினால் ஒரு சுரைக்கொடி. முதல் வருஷத்துக்கு இவ்வளவு போதும்.

மாசியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரம் கொஞ்சமாவது அடிமண்ணில் கிடப்பது அதுவரைதான். பங்குனி பிறந்ததும் வெயில் ஏறிவிடும். சித்திரை 21 வாக்கில் கத்திரி வெயில் தொடங்குவதற்குள் வேர் ஆழமாக இறங்கிய செடி தாக்குப்பிடிக்கும். சித்திரையில் முளைத்த செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மத்தியானம் தலை தொங்கும். அதைத் தாண்டினாலும் ஆனியில் மேல்காற்று வந்துவிடும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் அது பந்தலையே சாய்த்துவிடும். மாசியில் விதைத்தது அந்தக் காற்றுக்கு முன்பே காய்த்து முடிந்துவிடும்.

வசந்த காலத்துக்கு என்று இணையத்தில் வரும் பட்டாணி, கேரட், முட்டைக்கோஸ், லெட்டூஸ் எல்லாம் குளிர் நாட்டுப் பட்டியல். அவற்றை இங்கே கார்த்திகை, மார்கழியில் முயன்று பாருங்கள். தக்காளியும் இப்போது வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டு, பூ பிஞ்சாகாமல் உதிரும். கொத்தமல்லி தழைக்கும் முன்பே பூத்துவிடும்.

முதலில் மண். பத்துச் சதுர அடிக்கு 2 கிலோ மக்கிய சாணி எருவும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, மம்பட்டியால் முக்கால் அடி ஆழம் கொத்திக் கலக்கி, தண்ணீர் தெளித்து ஒரு வாரம் விடுங்கள். பச்சைச் சாணியைப் போடாதீர்கள். வேர்ப்புழுவும் கறையானும் அதைத் தேடித்தான் வரும். மாடிக்கு 12 அங்குலப் பை போதும். செம்மண், மக்கிய எரு, அலசிய தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. பை வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். கறுப்பு வாளியும் கறுப்புப் பையும் சித்திரையில் சூடேறி வேரை வேகவைத்துவிடும்.

வெண்டை விதையை முந்தின நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் விரல் கணு ஆழத்தில் குழிக்கு இரண்டாகப் போடுங்கள். செடிக்குச் செடி ஒரு அடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி. நாலு முதல் ஆறு நாளில் முளைக்கும். மூன்று இலை விட்டதும் நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும். நாற்பது நாளையொட்டிப் பூக்கும், பூத்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கலாம். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். அப்படி முற்றினதையும் செடியில் விடக்கூடாது. விட்டால் செடி விதை முற்றவைப்பதில் இறங்கி, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதுதான் வெண்டைக்கு முக்கியமான வேலை. நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து செடி வையுங்கள்.

வெண்டையில் வரும் பெரிய கேடு மஞ்சள் நரம்பு நோய். இலையின் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலை போலத் தெரியும், காயும் வெளிறிச் சிறுத்துவிடும். இது வைரஸ் நோய், மருந்து கிடையாது. பரப்புவது வெள்ளை ஈ, வெயில் கூடக்கூட அதுவும் பெருகும். உரக்குறை என்று நினைத்து யூரியா போடுகிறவர்கள் நிறைய. அதனால் இலை மென்மையாகி வெள்ளை ஈக்கு இன்னும் வசதியாகிவிடும். நோய் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். விதை வாங்கும்போதே இந்த நோயைத் தாங்கும் ரகம் கேளுங்கள். அர்கா அனாமிகா அப்படிப்பட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் ஈ வந்து ஒட்டும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் இலைக்கடியில் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். போகாவிட்டால் 5 மில்லி வேப்பெண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசலை விட்டு வெள்ளையாகும் வரை கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

சீனி அவரைதான் நம் மண்ணுக்கு ஏற்ற பயிர் என்பேன். வெயிலைத் தாங்கும், உப்புத் தண்ணீரையும் தாங்கும். திசையன்விளை, நாங்குநேரிப் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக உள்ள வீடுகளில் வேறெதுவும் வராவிட்டாலும் இது வரும். ஒன்றரை அடி வரிசையில் அரை அடிக்கு ஒரு விதை. இதைக் கெடுப்பது அன்புதான்: தினமும் தண்ணீர் விட்டால் தழையாக வளர்ந்து வேர் அழுகும். மேல்மண் விரலளவு காய்ந்த பிறகு ஊற்றுங்கள். பயறு இனம் என்பதால் அடியில் போட்ட எருவே போதும். 45, 50 நாளில் காய் வரும். மூன்று நாளைக்கு ஒருமுறை பிஞ்சாகவே பறியுங்கள். மிஞ்சுவதை உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, சித்திரை வெயிலில் வத்தல் போட்டுவிடலாம்.

கீரைக்குத் தண்டுக்கீரை, சிறுகீரை இரண்டும் சுலபம். நாலடிக்கு மூன்றடி பாத்திக்கு ஒரு டீஸ்பூன் விதை, அதோடு பத்து டீஸ்பூன் காய்ந்த மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. மேலே அரிசி கனத்துக்கு மட்டும் மண். ஆழமாகப் புதைந்தால் முளைக்காது. குழாயை நேரே பிடிக்காமல் பூவாளியில் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகும். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யரிசி போட்டுவைத்தால் அது அந்தப் பக்கம் போய்விடும், அதற்குள் விதை முளைத்துவிடும். மூன்று நாள் தென்னை ஓலை மூடி, முளை தெரிந்த அன்று சாயங்காலம் எடுத்துவிடுங்கள். ஒருநாள் பிந்தினாலும் முளை வெளிறி நீண்டு சாயும். 22 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். பத்து நாளைக்கு ஒரு சிறு பாத்தி என்று போட்டால் இடைவிடாமல் கீரை கிடைக்கும். பங்குனிக்குப் பிறகு போடும் பாத்திக்கு மட்டும் மத்தியான நிழல் வேண்டும். பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினாலே போதும்.

சுரையை மாசி முதல் பாதியிலேயே ஊன்ற வேண்டும். ஒன்றரை அடிச் சதுரக் குழியில் பாதி எரு, பாதி மேல்மண் நிரப்பி, மூன்று விதை போட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். முதல் பத்து நாள் ஆண்பூவாகவே வந்து உதிரும், பயப்பட வேண்டாம். வெயிலும் பகல்பொழுதும் கூடக்கூட ஆண்பூதான் அதிகமாகும். பிந்தி விதைத்த கொடி பூவாகப் பூத்தும் காய்க்காமல் போவது இதனால்தான். பெண்பூவின் அடியில் கட்டைவிரல் அளவு குட்டிச் சுரை இருக்கும். அது மஞ்சளாகிச் சூம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். சுரை பொழுது சாயும் நேரத்தில் பூப்பது. தேனீ அப்போது அதிகம் வராது. ஆறு, ஆறரை மணிக்கு ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். காம்பு விறைத்து, இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். பழ ஈ குத்தாமல் இருக்கப் பிஞ்சிலேயே துணிப்பை கட்டிவிடலாம். குத்துப்பட்டு விழுந்த பிஞ்சை அங்கேயே விடாமல் ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள், இல்லாவிட்டால் புழு மண்ணுக்குள் போய் ஈயாகத் திரும்பிவரும்.

பூவும் வேண்டுமென்றால் வரப்போரம் கேந்தி (செண்டுமல்லி), மாடிச் சுவரில் டேபிள் ரோஸ். டேபிள் ரோஸ் தண்டை நாலு அங்குலம் ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும்; நேர் வெயில் இல்லாவிட்டால்தான் பூக்காது. கத்திரிச் செடி வைக்க ஆசை இருந்தால் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 ரகம் கேட்டு வாங்குங்கள். முட்டை மாதிரி சின்ன வெள்ளைக் காய், கொத்தாகக் காய்க்கும். ஆனால் நாற்று விட்டு, ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி நட வேண்டிய வேலை அதில் உண்டு.

தண்ணீரைக் காலையிலேயே ஊற்றுங்கள். மாடிப் பைக்குச் சித்திரை முதல் சாயங்காலமும் வேண்டும். செடியைச் சுற்றி இரண்டு அங்குலம் வைக்கோலோ வாழைச் சருகோ பரப்பினால் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறையும். உங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் முளைத்து இரண்டு வாரம் வரைக்காவது தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். இளஞ்செடிதான் உப்புக்கு முதலில் சாகும். பிறகு பையின் மண்மேல் வெள்ளையாகப் படிந்து இலை ஓரம் கருகினால், கிடைக்கும் நல்ல தண்ணீரை அடித்துளை வழியாக வழிந்து ஓடும்வரை ஊற்றிக் கழுவிவிட்டு, இரண்டு நாள் கழித்துக் கொஞ்சம் எரு போடுங்கள்.